ஃப்ளாப் ஹீரோ ஜான் வெய்ன் 9 வருடம் என்ன செய்தார்?

ஹாலிவுட் கௌபாய் என்றாலே நினைவுக்கு வருபவர் ஜான் வெய்ன். ஆனால் 1930-ல், 23 வயதில், ஹீரோவாக நடித்த பிரம்மாண்டப் படம் 'தி பிக் டிரெயில்' ஊத்திக்கிச்சு. 70 மி.மீ. அகலத்திரையில் எடுத்தார்கள், அதைக் காட்டும் வசதி பெரும்பாலான தியேட்டர்களில் இல்லை.

அப்புறம் கிடைத்ததெல்லாம் பெரும்பாலும் சின்ன பட்ஜெட் படங்கள்தான். 1933-ல் வந்த 'ரைடர்ஸ் ஆஃப் டெஸ்டினி'யைப் பாருங்க. ஊர்த் தண்ணீரைக் கைக்குள் வைத்துக்கொண்டு பண்ணைக்காரர்களை மடக்கப் பார்க்கும் வில்லன். அவனைப் பிடிக்க ரகசியமாக வரும் அரசாங்க ஆள். ஒரு மணி நேரத்துக்குள் கதை ஓவர். ஹீரோ பாடவும் செய்வார், குரல் மட்டும் வேறு ஆளுடையது!

சிரிக்காதீங்க. இந்த மாதிரிப் படங்களில்தான் ஸ்டன்ட் கலைஞர் யாகிமா கனட்டோடு சேர்ந்து, குத்து முகத்தில் படாமலே பட்டதுபோல் கேமரா கோணத்தால் காட்டும் வித்தையைப் பழகினார். 1939-ல் ஜான் ஃபோர்டின் 'ஸ்டேஜ்கோச்' வெளியானபோது இவருக்கு வயது 31. ஆஸ்கர் கைக்கு வர 1970 ஆனது.