பிங் பிரபு மறுத்த கையெழுத்து

மன்னராட்சி மரபைத் தக்கவைத்துக்கொண்டே மக்களாட்சி நடத்தும் நாடுகளில் ஒரு விசித்திரமான பதவி உண்டு. அந்தப் பதவியில் இருப்பவரின் ஒப்புதல் இல்லாமல் எந்த மசோதாவும் சட்டமாகாது. நாடாளுமன்றம் கூடாது, கலையவும் கலையாது. நடைமுறையிலோ, அமைச்சரவை நீட்டும் தாளில் கையெழுத்திடுவதைத் தவிர அவருக்கு வேறு வேலை இல்லை என்றே பலரும் நினைக்கிறார்கள். மன்னரின் பிரதிநிதியாக நியமிக்கப்படும் தலைமை ஆளுநரின் பதவியைத்தான் சொல்கிறேன். அப்பதவியின் எல்லை எதுவரை என்ற விவாதம் எழும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர், 1921 முதல் 1926 வரை கனடாவின் தலைமை ஆளுநராக இருந்த ஜூலியன் பிங். நாடாளுமன்றத்தைக் கலைக்குமாறு ஒரு கனடியப் பிரதமர் கேட்டபோது மறுத்த ஒரே தலைமை ஆளுநர் அவர்தான்.

பிங் அரசியல்வாதி அல்லர். சட்டம் பயின்றவரும் அல்லர். 1862 செப்டம்பர் 11 அன்று இங்கிலாந்தின் பிரபுக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். பாட்டனார் வாட்டர்லூ போரில் பங்கேற்ற தளபதி. குடும்பப் பெயர் பெரிதானாலும், பதின்மூன்றாவது குழந்தையாகவும் ஏழாவது மகனாகவும் பிறந்தவருக்குச் சொத்தில் பெரிதாக எதுவும் கிடைக்க வழியில்லை. 1883-இல் லக்னோவில் முகாமிட்டிருந்த பத்தாவது ஹுஸ்ஸார் குதிரைப்படையில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே சூடானில் போர்க்களம் கண்டார். தென்னாப்பிரிக்கப் போரில் அவர் தலைமையேற்ற குதிரைப்படையில் இளம் வின்ஸ்டன் சர்ச்சிலும் பணியாற்றினார்.

முதல் உலகப் போர்தான் அவரைக் கனடாவோடு பிணைத்தது. 1916-இல் கனடியப் படைப்பிரிவின் தலைமை அவருக்குக் கிடைத்தது. 1917 ஏப்ரல் 9 அன்று பிரான்ஸின் விமி மேட்டின் மீது கனடாவின் நான்கு டிவிஷன்களும் முதன்முறையாக ஒன்றாகத் தாக்குதல் தொடுத்தன. நான்கு நாள்களில் மேடு கைப்பற்றப்பட்டது. அதற்கு 3,598 கனடிய வீரர்கள் உயிரைக் கொடுத்தார்கள். தாக்குதலுக்கு முன் போர்க்கள மாதிரி அமைத்துப் பலமுறை ஒத்திகை பார்த்ததும், அதிகாரிகளுக்கு மட்டுமே உரியதாக இருந்த வரைபடங்களைச் சாதாரணச் சிப்பாய்களுக்கும் தந்ததும் பிங்கின் ஏற்பாடுகள். கனடா தன்னை ஒரு தேசமாக உணர்ந்த இடம் விமி என்று அந்நாட்டார் இன்றும் கருதுகிறார்கள். 1919-இல் பிரபுப் பட்டம் கிடைத்தபோது அவர் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டதும் விமியைத்தான்.

ஆகவே, 1921 ஆகஸ்டில் தலைமை ஆளுநராக ஒட்டாவாவில் வந்திறங்கியபோது அவரை ஆங்கிலேய அதிகாரியாகக் கனடியர்கள் பார்க்கவில்லை. தங்கள் பிள்ளைகளை வழிநடத்திய தளபதியாகவே பார்த்தார்கள். முதன்முறையாகக் கனடியர்களைத் தம் மெய்க்காவல் உதவியாளர்களாக அமர்த்திக்கொண்டவர் அவரே. அவர்களில் ஒருவரான ஜார்ஜ் வானியே, 1959-இல் தாமே தலைமை ஆளுநரானார். பிங்கின் மனைவி ஈவ்லின், ஆட்டத்திறனோடு கண்ணியத்தையும் காக்கும் பனி ஹாக்கி வீரருக்காக 1925-இல் வழங்கிய கோப்பை இன்றும் அவர் பெயரிலேயே வழங்கப்படுகிறது. நான்கு ஆண்டுகள் பிங் தம்பதியருக்கு இனிமையாகவே கழிந்தன.

1925 அக்டோபர் 29 அன்று நடந்த பொதுத் தேர்தல் அந்த அமைதியைக் கலைத்தது. மக்களவையின் 245 இடங்களில் பெரும்பான்மைக்குத் தேவையான 123 இடங்கள் எவருக்கும் கிடைக்கவில்லை. ஆர்தர் மீயன் தலைமையிலான கன்சர்வேட்டிவ் கட்சி, ஆளுங்கட்சியான லிபரல் கட்சியைவிட ஏறத்தாழ 15 இடங்கள் கூடுதலாகப் பெற்றது. பிரதமர் மெக்கென்ஸி கிங் தம் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். இருபதுக்கும் மேற்பட்ட இடங்களை வென்றிருந்த, மேற்கு மாகாண உழவர்களின் செல்வாக்குப் பெற்ற முற்போக்குக் கட்சியின் கையில் ஆட்சியின் சாவி சிக்கியது.

கிங் பதவி விலகுவதே முறையாக இருக்கும் என்று பிங் கருதினார். அதை அவரிடம் தெரிவிக்கவும் செய்தார். ஆனால், நாடாளுமன்றத்தைச் சந்தித்து முற்போக்குக் கட்சியின் ஆதரவோடு ஆட்சியைத் தொடரப் போவதாகக் கிங் கூறினார். பிரதமருக்கு அந்த உரிமை உண்டு என்பதால் பிங் இசைந்தார். கிங்கால் ஆட்சி நடத்த முடியாமற்போனால், மறுதேர்தலுக்கு முன் மீயனுக்கு ஒரு வாய்ப்புத் தரப்படும் என்ற புரிதல் அந்தச் சந்திப்பில் ஏற்பட்டதாகப் பிங் நம்பினார். அப்படி ஓர் உடன்பாடே இல்லை என்று கிங் பின்னாளில் மறுத்தார். எழுத்தில் எதுவும் இல்லை. அரசமைப்பு மரபுகள் பெரும்பாலும் எழுதப்படாதவை. அவற்றை நம்பி இயங்கும் இருவர் ஒரே உரையாடலை இரண்டு விதமாக நினைவில் வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதை அடுத்த சில மாதங்கள் காட்டின.

1926-இல் சுங்கத் துறை ஊழல் வெடித்தது. அமெரிக்காவில் மதுவிலக்கு நடைமுறையில் இருந்த காலம் அது. எல்லை தாண்டிய கடத்தலுக்குச் சுங்க அதிகாரிகள் உடந்தையாக இருந்தது நாடாளுமன்றக் குழுவின் விசாரணையில் அம்பலமாயிற்று. அரசைக் கண்டிக்கும் தீர்மானம் மக்களவையின் முன் நின்றது. முற்போக்குக் கட்சியினரின் ஆதரவு கிங்கின் கையைவிட்டு நழுவத் தொடங்கியது. வாக்கெடுப்பு நடந்தால் தோல்வி நிச்சயம் என்ற நிலையில், ஜூன் 26 அன்று அவர் பிங்கிடம் சென்று நாடாளுமன்றத்தைக் கலைக்குமாறு கேட்டார்.

பிங் மறுத்தார். தேர்தல் முடிந்து எட்டு மாதங்களே ஆகியிருந்தன. அவையில் தனிப்பெரும் கட்சிக்கு ஆட்சியமைக்கும் வாய்ப்பு இன்னும் தரப்படவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தன் அரசின் மீதான கண்டனத்தின் மேல் மக்கள் பிரதிநிதிகள் தீர்ப்பளிக்கும் முன்பே அந்த அவையைக் கலைக்கச் சொல்வது, வழக்கில் தீர்ப்பு வரும் முன் நீதிமன்றத்தை இழுத்து மூடச் சொல்வதற்கு ஒப்பானது. பிரதமரின் ஆலோசனைப்படி நடப்பதே மன்னரின் பிரதிநிதிக்குரிய பொது விதி. ஆனால் நாடாளுமன்றத்திடமிருந்து தப்பிப்பதற்காகத் தரப்படும் ஆலோசனைக்கும் அந்த விதி பொருந்துமா என்பதே அன்றைய கேள்வி.

இவ்விடத்தில் நடந்த ஒன்று என்னை எப்போதும் வியக்க வைக்கிறது. லண்டனைக் கலந்தாலோசித்துவிட்டு முடிவெடுக்கலாமே என்று பிங்கிடம் யோசனை கூறியவர், கனடாவின் தன்னுரிமைக்காக வாழ்நாள் முழுவதும் வாதாடிய கிங். கனடாவின் உள்விவகாரத்தைக் கனடாவிலேயே தீர்க்க வேண்டும், லண்டனுக்கு இதில் வேலையில்லை என்று அதை ஏற்க மறுத்தவர், லண்டன் அனுப்பிய ஆங்கிலேயத் தளபதி.

ஜூன் 28 அன்று கிங் பதவி விலகினார். அடுத்த பிரதமர் பொறுப்பேற்கும் வரை நீடிக்கும் வழக்கத்தையும் பின்பற்றவில்லை. நாடு ஒரு நாள் அரசின்றி நின்றது. பிங் அழைத்ததும் மீயன் பொறுப்பேற்றார். ஆனால் அன்றைய சட்டப்படி அமைச்சராகப் பொறுப்பேற்பவர் உறுப்பினர் பதவியை இழந்து இடைத்தேர்தலில் மீண்டும் வென்றாக வேண்டும். பிரதமரானதால் மீயனே அவைக்கு வெளியே நின்றார். எஞ்சியவர்களும் இடம் இழந்தால் வாக்கெடுப்பில் தோற்பது உறுதி என்பதால், அவர் மற்றவர்களைத் தற்காலிகப் பொறுப்பாளர்களாக மட்டும் அமர்த்தினார். இந்த ஏற்பாட்டையே கிங் ஆயுதமாக்கினார். ஜூலை 2-ஆம் தேதி அதிகாலை முடிந்த வாக்கெடுப்பில் 95-க்கு 96 என்ற கணக்கில், ஒரே ஒரு வாக்கில் மீயன் அரசு வீழ்ந்தது. வாக்களிப்பதில்லை என்று எதிர்த்தரப்பு உறுப்பினரோடு உடன்பாடு செய்திருந்த ஒருவர், அதை மறந்து வாக்களித்ததே அந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

இப்போது கலைப்பைக் கேட்டவர் மீயன். வேறு எவராலும் ஆட்சியமைக்க முடியாத நிலையில் பிங் அதை ஏற்றார். கிங்குக்கு இதைவிடச் சிறந்த தேர்தல் முழக்கம் கிடைத்திருக்காது. கனடியப் பிரதமருக்கு மறுத்ததை அதே வாரத்தில் அவரது எதிரிக்கு வழங்கிவிட்டார் ஆங்கிலேய ஆளுநர். நம்மை இன்னும் குடியேற்ற நாடாகவே நடத்துகிறார்கள் என்று ஊர் ஊராகப் பேசினார். சுங்க ஊழல் பின்னுக்குப் போனது. செப்டம்பர் 14 தேர்தலில் கிங் மீண்டும் வென்றார். மீயன் தம் தொகுதியையும் இழந்தார். பதில் சொல்லும் உரிமை பதவியால் பறிக்கப்பட்டிருந்த பிங், அம்மாத இறுதியில் கனடாவிலிருந்து விடைபெற்றார்.

பிங் செய்தது சரியா? நூறாண்டாகியும் அறிஞர்கள் ஒருமித்த விடை காணவில்லை. 1943-இல் யூஜின் ஃபோர்சி எழுதிய ஆய்வு நூல் பிங்கின் பக்கமே நியாயம் என்று விரிவாக வாதிட்டது. மீயனால் அவையில் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. ஆகவே மாற்று அரசு சாத்தியம் என்ற பிங்கின் கணிப்பே பிழை என்பார் எதிர்த்தரப்பினர். அந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. எனினும், மாற்று அரசு நிலைக்குமா என்பதை ஆளுநர் தம் மாளிகையில் அமர்ந்து முடிவு செய்யாமல், அவையே முடிவு செய்ய வழிவிட்டதுதான் முறை என்று நான் கருதுகிறேன். அந்த ஒரு வாக்கின் தோல்வியும் அவையின் தீர்ப்புத்தான். அதைப் பிங் அப்படியே ஏற்றார்.

ஆஸ்திரேலியாவில் 1975 நவம்பர் 11 அன்று நடந்ததோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். கீழவையில் பெரும்பான்மை பெற்றிருந்த பிரதமர் கஃப் விட்லமை, முன்னெச்சரிக்கை ஏதும் தராமல் தலைமை ஆளுநர் ஜான் கெர் பதவிநீக்கம் செய்தார். பிங்கோ பிரதமரை நீக்கவில்லை. தம் மனத்தில் இருப்பதைப் பல மாதங்களுக்கு முன்பே அவரிடம் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். மக்களவையை மீறி எவரையும் பதவியில் அமர்த்தி வைக்கவும் முயலவில்லை.

1926 இறுதியில் லண்டனில் கூடிய பேரரசு மாநாடு, தலைமை ஆளுநர் இனி பிரிட்டிஷ் அரசின் முகவர் அல்லர், மன்னரின் பிரதிநிதி மட்டுமே என்று வரையறுத்தது. ஐந்தாண்டுகளில் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் வந்தது. ஆனால் பிங் பயன்படுத்திய அதிகாரத்தை எந்தச் சட்டமும் நீக்கவில்லை. 2017 ஜூனில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்ற முதல்வர் கிறிஸ்டி கிளார்க் மறுதேர்தல் கேட்டபோது, துணைநிலை ஆளுநர் ஜூடித் கிஷான் மறுத்து, எதிர்க்கட்சித் தலைவரை ஆட்சியமைக்க அழைத்தார். புதிய அரசு நிலைத்தது. ஆளுநர் மீது பழி வரவில்லை. பிங்குக்குக் கிடைக்காத ஒரு சில வாக்குகள் கிஷானுக்குக் கிடைத்தன என்பதைத் தவிர, இருவர் எடுத்த முடிவுக்கும் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

மன்னரே இல்லாத நம் குடியரசிலும் ஆளுநர் பதவி அதே நாடாளுமன்ற மரபிலிருந்து வந்ததுதான். பெரும்பான்மையை அளக்க வேண்டிய இடம் ஆளுநர் மாளிகை அல்ல, அவையே என்று 1994-இல் பொம்மை வழக்கில் உச்சநீதிமன்றம் வகுத்த நெறியைப் படிக்கும்போது, பிங் நின்ற இடம் எனக்குப் புலப்படுகிறது. நியமிக்கப்பட்டவரின் அதிகாரத்துக்கு நியாயம் ஒன்றே: தேர்ந்தெடுக்கப்பட்ட அவை பேசுவதற்கு வழிவிடுவது. அந்த அவைக்குப் பதிலாகத் தாமே பேசத் தொடங்கும்போது, அது பறிபோகிறது.

இங்கிலாந்து திரும்பிய பிங், 1928 முதல் மூன்றாண்டுகள் லண்டன் மாநகரக் காவல்துறை ஆணையராகப் பணியாற்றினார். 1932-இல் படைத்துறையின் உச்சப் பட்டமான ஃபீல்டு மார்ஷல் பட்டம் பெற்றார். 1935 ஜூன் 6 அன்று எசெக்ஸில் உள்ள தம் இல்லத்தில் காலமானார், பிள்ளைகள் இல்லை. கிங் மொத்தம் இருபத்தோரு ஆண்டுகளுக்கும் மேலாகக் கனடாவை ஆண்டு, அந்நாட்டின் மிக நீண்ட காலப் பிரதமர் என்ற பெயரைப் பெற்றார். தேர்தலில் வென்றவர் அவர்தான். ஆனால் ஊழல் குறித்த வாக்கெடுப்பைத் தவிர்க்கக் கலைப்பைக் கேட்ட அந்தக் கோரிக்கை சரியென்று அத்தேர்தல் முடிவு நிறுவிவிட்டதாக நான் எண்ணவில்லை.