நங்கூரமிட்ட இரவு

கொலம்பஸின் பெயரை அறியாத மாணவர் இலர். 1492இல் அவர் கண்ட வெற்றியைப் பாடநூல்கள் விரித்துரைக்கும். ஆயின், அவருடைய கடலறிவை உரைத்துப் பார்த்த சோதனை, புகழ் மங்கிய பிற்காலத்திலேயே நேர்ந்தது.

ஜெனோவா நகரில் கம்பளி நெசவாளர் ஒருவரின் மகனாக 1451ஆம் ஆண்டளவிற் பிறந்த அவர், இளமையிலேயே கடல் வாழ்வை மேற்கொண்டார். கடலை ஆள வல்லவர் மக்களை ஆள வல்லவராயினாரல்லர். ஹிஸ்பானியோலாத் தீவில் அவர் நடத்திய ஆட்சி குழப்பத்தில் முடிந்தது. 1500இல் அரசின் ஆணையோடு வந்த பொபதில்லா, அவரை விலங்கிட்டு ஸ்பெயினுக்கு அனுப்பினார். விடுதலை கிடைத்தது, ஆளுநர் பதவி மீளவில்லை.

1502 மே மாதத்தில், நான்கு சிறு பாய்க்கப்பல்களுடன் தமது நான்காம் பயணத்தைத் தொடங்கினார். தம்பி பார்த்தலோமியோவும், பதின்மூன்று வயது மகன் பெர்னாண்டோவும் உடன் சென்றனர். ஜூன் 29ஆம் நாள் சாந்தோ தொமிங்கோத் துறைமுகத்தின் முன் கப்பல்கள் நின்றன. அங்கு இறங்கலாகாது என்பது அரச கட்டளை. ஆயினும், முன்னர் அத்தீவுகளிற் கண்ட புயல்களின் குறிகள் மீண்டும் தோன்றுவதை அவர் உணர்ந்தார். தமக்குப் புகலிடம் தருமாறும், ஸ்பெயினுக்குப் புறப்படவிருந்த ஏறத்தாழ முப்பது கப்பல்களை நிறுத்தி வைக்குமாறும் ஆளுநர் ஒவாந்தோவுக்குச் சொல்லியனுப்பினார். புகலிடம் மறுக்கப்பட்டது; எச்சரிக்கையும் எள்ளி நகையாடப்பட்டது. பொன்னேற்றிய கப்பல்கள் பாய்விரித்துச் சென்றன.

கொலம்பஸ் வாதிட்டு நிற்கவில்லை. மேற்கே சிறிது தொலைவு சென்று, கரையோரமாக நங்கூரமிட்டார். வடக்கிலிருந்து வீசும் காற்றை நிலமே மறைக்கும் என்பது அவர் கணக்கு. இரவில் சூறாவளி சீறியெழுந்தது. மூன்று கப்பல்கள் நங்கூரப் பிடி இழந்து இருளில் அலைக்கழிந்தன. ஒன்று தன் படகைப் பறிகொடுத்தது. பார்த்தலோமியோ தம் கப்பலைத் திறந்த கடலுக்குச் செலுத்திக் காத்தார். கொலம்பஸின் கப்பல் ஒன்றே நங்கூரத்தோடு நிலைத்து நின்றது. மகனும் தம்பியும் உடன்வந்தோரும் என்னவாயினரோ என்ற ஏக்கத்தோடு கழிந்த அவ்விரவின் துயரை யாரே அளந்துரைப்பர்! சில நாட்களில் நான்கு கப்பல்களும் அசுவாத் துறையில் ஒன்றுகூடின.

பெருங்கூட்டமாய்ச் சென்ற கப்பல்களின் கதி வேறு. இருபதுக்கு மேற்பட்டவை மூழ்கின. ஏறத்தாழ ஐந்நூறு உயிர்கள் மடிந்தன. பொபதில்லாவும் மாண்டார். கொலம்பஸின் சொந்தப் பொன்னை ஏற்றிய எளிய கப்பலோ ஸ்பெயினை அடைந்தது. அவர் மந்திரத்தாற் புயலை எழுப்பினார் எனப் பகைவர் பழிகூறினர். அறிவுக்கு அஞ்சுவோர் அதனை மாயமென்பது உலக இயல்பன்றோ!

எனினும், நடுநின்று நோக்குவோர் இன்னொன்றையும் மறத்தலாகாது. மூழ்கிய கப்பலொன்றில், தீவின் பழங்குடித் தலைவர் குவாரியோனெக்ஸும் கைதியாக இருந்தார். அவரைச் சிறைப்பிடித்தது கொலம்பஸ் குடும்பத்தாரின் ஆட்சியே. சூறாவளியைக் குறிக்கும் ஹரிக்கேன் என்ற சொல்லும் அத்தீவு மக்களின் மொழி தந்ததே.

1506 மே 20ஆம் நாள் வலியதோலித் நகரிற் கொலம்பஸ் காலமானார். தம் சொல்லை ஆளுநர் செவிமடுக்கவில்லை என்று வருந்திய அவர், தாம் ஆண்ட நாளில் அம்மக்களின் குரலைச் செவிமடுத்தாரல்லர். காற்றின் குறியறிந்து நங்கூரமிடத் தெரிந்த பெருமாலுமிக்கு, மனிதரின் துயர்க்குறி மட்டும் புலப்படாமற் போயிற்று.