மக்கள் தலைவர் வ. சுப்பையா

பெரியோர்களுடைய சரித்திரங்களை வாசிப்பதன் பயன் அவர்களைப் புகழ்ந்து அமைவதன்று. நம் வாழ்வில் எழும் ஐயங்களை அவர்கள் தம் வாழ்வில் எவ்வாறு தீர்த்துக்கொண்டார்கள் என்று அறிந்து தெளிவதேயாம். நம் இல்லங்களில் அடிக்கடி எழும் வழக்கு ஒன்றுண்டு. சட்டசபையிற் பேசிப் பயனில்லை, வீதியில் இறங்கிப் போராடினாலன்றி நீதி கிடையாது என்பர் இளைஞர். போராட்டம் குடியைக் கெடுக்கும், எதனையும் சபையில் எடுத்துரைத்தே பெறல்வேண்டும் என்பர் முதியோர். இவ்விரு திறத்தாருக்கும் விடையாக அமைந்ததொரு வாழ்வு, புதுவையில் வாழ்ந்து மறைந்த மக்கள் தலைவர் வ. சுப்பையா அவர்களுடையது. ஆதலின் அதனை நம் அன்பர்களுக்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுகின்றோம். அவர் எக்குலத்தில் தோன்றியவர் என்பதை நாம் ஆராயப் புகவில்லை. அவர் எவர்பொருட்டு உழைத்தார் என்பதே நமக்கு வேண்டுவது.

முதற்கண் அவர் பிறந்த நாட்டின் நிலையைக் கூறுதல் வேண்டும். பாரத தேசத்தின் பெரும்பகுதி பிரிட்டிஷார் கையில் இருந்த காலத்தில், புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம், சந்திரநாகூர் என்னும் ஐந்து இடங்கள் பிரெஞ்சுக்காரர் ஆளுகையில் இருந்தன. புதுச்சேரிப் பகுதியோ ஒரே நிலமாகவும் இருக்கவில்லை. ஓர் ஊர் பிரெஞ்சு எல்லையாகவும், அடுத்த ஊர் பிரிட்டிஷ் எல்லையாகவும், அதற்கடுத்தது மீண்டும் பிரெஞ்சு எல்லையாகவும் பின்னிக் கிடந்தது. இந்த எல்லையே பலருக்குப் புகலிடமாயிற்று. பிரிட்டிஷாருடைய தண்டனைக்குத் தப்பிச் சுப்பிரமணிய பாரதியாரும், அரவிந்தரும், வ. வே. சு. ஐயரும் புதுவையை அடைந்து வாழ்ந்த கதை யாவரும் அறிந்ததே. வெளியூர் வீரர்களுக்கு நிழல் தந்த அவ்வூர், தன் வயிற்றிற் பிறந்த மைந்தனுக்கு நிழல் மறுத்த கதையைப் பின்னர்க் காண்போம்.

பிரெஞ்சிந்தியாவில் ஜனங்களுக்கு வாக்குரிமை இல்லாமலில்லை. 1871ஆம் ஆண்டு தொடங்கியே பாரிஸ் சட்டசபைக்கு ஒரு பிரதிநிதியை அனுப்பும் உரிமை அவர்களுக்கு இருந்தது. ஆனால் அத்தேர்தல்கள் அடியாட்களின் தடியாலும் கள்ள வாக்குகளாலும் நடந்தன என்று சரித்திரக்காரர் எழுதுகின்றனர். உரிமை ஏட்டில் இருந்தது; அதனைச் செலுத்தும் துணிவு மாந்தர்க்கு இல்லை. இத்தகைய நாட்டில் 1911ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 7ஆம் நாள் சுப்பையா பிறந்தார்.

புதுவையிலேயே கல்வி பயின்ற அவர், இளமையிலேயே தேசத் தொண்டில் நாட்டங்கொண்டார். முதன்முதல் அவர் கைக்கொண்ட பணி தீண்டாமை ஒழிப்பாகும். புதுவையில் ஹரிஜன சேவா சங்கத்தை நிறுவி, சேரிகளுக்குச் சென்று உழைத்தார். 1934ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் மகாத்மா காந்தியடிகள் புதுவைக்கு எழுந்தருளினார். அவ்வருகைக்கு முன்னின்று ஏற்பாடு செய்தவர்களுள் இருபத்துமூன்று வயதே நிரம்பிய சுப்பையா தலைசிறந்தவர். ஊரில் மேற்குலத்தார் பலர் முகஞ்சுளிக்கும் தொண்டினைத் தம் பொதுவாழ்வின் முதற்படியாக ஓர் இளைஞர் தேர்ந்துகொண்டார் என்பதை, ஒரு குலத்தாரின் சங்கமாகிய நாம் சற்றே நின்று எண்ணிப்பார்த்தல் தகும். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் சுதந்திரம் என்னும் பத்திரிகையையும் அவர் தொடங்கினார். அப்பத்திரிகையின் வாயிலாக ஆலைத் தொழிலாளருடைய துயரம் முதன்முறையாக ஊரறிய வெளிப்படலாயிற்று.

அத்துயரம் யாதெனில் கூறுவோம். அந்நாளில் புதுவையில் மூன்று பெரிய பஞ்சாலைகள் இருந்தன. ஜனங்கள் அவற்றை ரோடியர் மில், சவானா மில், கெப்ளே மில் என்று வழங்குவர். பொழுது புலருமுன் சங்கு ஊதும். உள்ளே புகுந்தவர் பொழுதடைந்த பின்னரே வெளிவருவர். ஆடவரோடு பெண்டிரும் சிறுவரும் வேலை செய்தனர். கூலியோ மிக அற்பம். கருவுற்ற பெண் வேலையை விட்டு நின்றால் அந்நாளைக் கூலி இல்லை. சங்கம் அமைக்கும் உரிமை சட்டத்தில் இல்லாமையால், குறையை எடுத்துரைப்பவன் வேலையை இழப்பான்.

இவர்களைச் சுப்பையா ஒன்றுசேர்த்தார். 1935ஆம் ஆண்டில் சவானா மில் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் தொடங்கினர். வாரங்கள் பல கடந்தும் அவர்கள் கலையவில்லை. வேலையற்றிருந்த வீடுகளில் அடுப்பெரியவேண்டி ஊராரிடமும் சுற்றுக்கிராமத்தாரிடமும் அரிசியும் பருப்பும் தண்டினர். முடிவில் முதலாளிகள் சில குறைகளைத் தீர்க்க உடன்பட்டனர். ஆயின் வாக்குறுதி வேறு, சட்டம் வேறு. முதலாளி மனமுவந்து கொடுத்ததை அவன் மனம் மாறிய அன்று திரும்பப் பறிக்கலாம். இவ்வுண்மையை அவர்கள் அடுத்த ஆண்டில் அறிந்தனர்.

1936ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மீண்டும் கிளர்ச்சி மூண்டது. இம்முறை தொழிலாளிகள் ஆலைகளைவிட்டு வெளியேறாமல் உள்ளேயே அமர்ந்துவிட்டனர். எட்டு மணி நேர வேலையும், சங்கம் வைக்கும் உரிமையும் அவர்கள் வேண்டியவை. சர்க்கார் படையை அழைத்தது. ஜூலை 30ஆம் நாள் சவானா மில்லில் துப்பாக்கிப் பிரயோகம் நிகழ்ந்தது. 12 தொழிலாளிகள் உயிர்நீத்தனர், காயமுற்றோர் பலர். ஆலையிலும் தீப்பற்றியது. காலையில் சோற்றுத்தூக்கோடு சென்றவர் மாலையில் பிணமாகத் திரும்பிய அந்நாளை, புதுவையார் இன்றளவும் ஆண்டுதோறும் தியாகிகள் தினமாகக் கொண்டாடி வருகின்றனர்.

இத்தகைய தருணமே ஒரு தலைவனைச் சோதிக்கும் தருணம். தம் சொற்கேட்டு ஆலையில் அமர்ந்தவர் 12 பேர் மாண்டனர் என்னும் பாரம் எத்தலைவனையும் இரண்டிலொரு வழியில் தள்ளிவிடும். ஒன்று, அச்சத்தாலும் துயரத்தாலும் ஒதுங்கிவிடுதல். மற்றொன்று, பழிக்குப் பழி என்று பாய்ந்து இன்னும் பல குடும்பங்களைப் பாழாக்குதல். சுப்பையா இரண்டினையும் செய்திலர். மாண்டவர் எதன்பொருட்டு மாண்டனரோ அதனைச் சட்டமாக்கியே தீர்வதென்று அவர் முனைந்தார். சென்னையிலிருந்து தொழிற்சங்கத் தலைவராகிய வி. வி. கிரி வந்து சமரசம் பேசினார். அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் பண்டித நேருவும் புதுவைக்கு வந்தார். பிரான்ஸ் தேசத்திலோ, லியோன் பிளூம் என்பாருடைய தலைமையில் தொழிலாளர் நலம் பேணும் மக்கள் முன்னணி மந்திரிசபை அப்பொழுதுதான் ஏற்பட்டிருந்தது. புதுவையில் சிந்திய இரத்தம் பாரிஸ் நகரத்துச் சபையில் கேள்வியாக எழுந்தது.

1937ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள், பிரெஞ்சிந்தியத் தொழிலாளருக்கெனச் சட்டம் பிறந்தது. எட்டு மணி நேர வேலையும், சங்கம் அமைக்கும் உரிமையும் அதனால் உறுதிப்பட்டன. ஆசியாக் கண்டத்திலேயே எட்டு மணி நேரச் சட்டம் பெற்ற முதல் தொழிலாளிகள் புதுவைத் தொழிலாளிகளே என்று அவர்கள் இன்றும் பெருமையோடு கூறுவர். சுப்பையாவும் அவ்வாண்டில் கடல் கடந்து பாரிஸ் சென்று, அந்நாட்டுத் தலைவர்களைக் கண்டு தம் மக்களுடைய குறைகளை நேரில் உரைத்து மீண்டார். துப்பாக்கி வெடித்த நாளுக்கும் சட்டம் பிறந்த நாளுக்கும் இடையில் கழிந்தவை எட்டு மாதங்களும் சில நாட்களுமே. நம் இளைஞரும் முதியோரும் இவ்விடத்தில் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். வீதியில் அவர்கள் நின்றிராவிட்டால் பாரிஸ் சபை அவர்களை நினைத்தே இராது. பாரிஸ் சபை சட்டம் இயற்றியிராவிட்டால் அவர்கள் மாண்டது வீணாகியிருக்கும்.

சட்டம் வந்தமையால் அவருக்கு அமைதி வந்துவிடவில்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் சிறைவாசமும் நாடுகடத்தலும் அவரைத் தொடர்ந்தன. இரண்டாம் உலகப் போர் முடியுந் தறுவாயில் அவர் பிரெஞ்சிந்திய எல்லைக்கு அப்பால் வெளியேற்றப்பட்டார். 1945இல் தடை நீங்கித் திரும்பியபொழுது ஊரே திரண்டு அவரை வரவேற்றது. அதற்குள் அவர் பொதுவுடைமைக் கட்சியின் தலைவராக வளர்ந்திருந்தார்.

1946ஆம் ஆண்டில் அவர் கட்சி வேறுபாடுகளைக் கடந்து பலரையும் சேர்த்துத் தேசிய ஜனநாயக முன்னணியை அமைத்தார். அவ்வாண்டு நடந்த தேர்தல்களில் அம்முன்னணியே வெற்றி பெற்றது. 1947இல் சுப்பையா பாரிஸ் நகரத்துக் குடியரசு மன்றத்துக்கு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1948 வரை அப்பதவி வகித்தார். பத்தாண்டுகளுக்கு முன்னர் எச்சபையின் வாயிலில் குறைகூறி நின்றாரோ, அத்தேசத்தின் மேல்சபையிலேயே இப்பொழுது ஆசனம் பெற்றார். ஆலைவாயிலில் நின்று பேசிய தமிழர் ஒருவர் பிரெஞ்சுப் பெருமன்றத்தில் அமர்ந்தது சிறு செய்தியன்று.

ஆயின் 1948இல் காற்றுத் திசைமாறியது. அவ்வாண்டு நடந்த நகரசபைத் தேர்தலில் எதிர்க்கட்சியார் பெருவெற்றி அடைந்தனர். பழைய அடியாள் ஆட்சி மீண்டும் தலையெடுத்தது. 1950ஆம் ஆண்டு ஜனவரியில் சுப்பையாவின் இல்லத்தைக் கயவர் தீக்கிரையாக்கினர். அவர் புதுவையை விட்டு எல்லைக்கு அப்பால் சென்று மறைந்து வாழவேண்டியவரானார். பிரிட்டிஷ் எல்லையிலிருந்து தப்பி வந்த பாரதியாருக்கு இடந்தந்த புதுவை, தன் சொந்த மகனை அதே எல்லையைக் கடந்து எதிர்த்திசையில் ஓடச்செய்தது. காலத்தின் விளையாட்டு இத்தகையது! அவருடைய மனைவியார் சரஸ்வதி அம்மையாரும் இத்துன்பங்களிற் பங்குகொண்டு, பொதுப்பணியிலும் கணவரோடு துணைநின்றார்.

இவ்விடத்தில் நடுநிலை தவறாது ஒன்று கூறுதல் நம் கடமை. இந்திய யூனியனோடு இணையும் விஷயத்தில் அவருடைய கட்சி தொடக்கத்திலிருந்தே ஒரே நிலையில் நின்றதன்று என்று குறை கூறுவோர் உளர். அக்குறையில் உண்மை உண்டு. 1948ஐ ஒட்டிய ஆண்டுகளில் அக்கட்சி நேரு சர்க்காரையும் எதிர்த்தது. புதுவை உடனே இணைவதை விரும்பவில்லை. பின்னர் அந்நிலையை மாற்றிக்கொண்டு இணைப்பின்பொருட்டே போராடியது. தவறிய வழியைப் பிடித்துக்கொண்டு நிற்பதினும் திரும்பி வருதல் நன்று என்பதே நம் துணிபு.

1954ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் விடுதலைப் போர் மூண்டது. எல்லையோரத்துக் கொம்யூன்கள் ஒவ்வொன்றாகப் பிரெஞ்சு ஆட்சியினின்று நீங்கின. முன்னர்ப் பிரெஞ்சுக்காரருக்கு உறவாயிருந்த எதுவார் குபேர் என்னும் தலைவரும் இப்பொழுது கட்சி மாறி இணைப்புக்காக நின்றார். சுப்பையாவின் தொண்டர்களும் கிராமங்களில் முன்னின்று போராடினர். அவ்வாண்டு அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில் ஜனப்பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். 170 பேர் இந்தியாவோடு இணைய விரும்பி வாக்களித்தனர். எதிர்த்தவர் 8 பேரே. நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி கைமாறியது. சட்டபூர்வமான இணைப்பு 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் நிறைவேறியது.

விடுதலை கிட்டியபின் போராளிகள் பலர் மனம் வெதும்பி ஒதுங்கியதும், வேறு சிலர் ஆளுங்கட்சியை அண்டிப் பிழைத்ததும் உலக இயல்பு. சுப்பையா இவ்விரு வழியிலும் செல்லாமல் தேர்தலில் நின்றார். 1955ஆம் ஆண்டு தேர்தலில் மக்கள் முன்னணியின் தலைவராக வெற்றி பெற்று, புதுவைச் சபையில் எதிர்க்கட்சித் தலைவராக அமர்ந்தார். தம் வீட்டை எரித்த அரசியலைத் தாம் திரும்பச் செய்யாமல், வாக்குச்சீட்டையே கருவியாகக் கொண்டமை அவர் பெருமைக்குச் சான்று. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1969இல் திராவிட முன்னேற்றக் கழகமும் அவருடைய கட்சியும் சேர்ந்து அமைத்த மந்திரிசபையில் அவர் மந்திரியாகவும் பணிபுரிந்தார். முதுமையில் பிரெஞ்சிந்திய விடுதலையின் சரித்திரத்தைத் தாம் கண்டும் பட்டும் அறிந்தவாறு நூலாக எழுதிவைத்தார்.

1993ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள், தமது எண்பத்திரண்டாம் வயதை முடித்து அவர் காலமானார். அவர் பிறந்து நூறாண்டு நிரம்பிய 2011இல் இந்திய சர்க்கார் அவர் உருவம் பொறித்த தபால்தலையை வெளியிட்டது.

இன்று புதுவைக்குச் செல்வோர் அம்மூன்று மில்களின் சங்கொலியையும் கேட்கமாட்டார்கள், அவை மூடப்பட்டுவிட்டன. ஆலைகள் அழிந்தன, ஆயின் எட்டு மணி நேரம் என்னும் நியதி அழியவில்லை. நம் வீட்டுப் பிள்ளை காரியாலயத்திலிருந்து மாலையில் திரும்பி வந்து தாயோடும் மனைவி மக்களோடும் உண்ணுகின்றானென்றால், அவ்வேளையை அவனுக்கு ஈட்டித் தந்தவருள் பெயர் மறந்துபோன அந்தப் 12 தொழிலாளிகளும் உளர். அந்நியதியையும் தளர்த்திவிடலாமோ என்னும் பேச்சு அவ்வப்போது எழுவதை நாம் காண்கின்றோம். போராடிப் பெற்றதைச் சபையிற் காவாவிடின் அது கைநழுவும். சபையிற் காப்பவர்க்கும் வெளியில் விழித்திருக்கும் மக்கள் வேண்டும்.

ஆதலின், நம் இளைஞர் போராட்டமொன்றே போதும் என்றிருத்தலும் வேண்டா; முதியோர் சபையொன்றே போதும் என்றிருத்தலும் வேண்டா. இவ்விரண்டும் ஒரே மனிதரிடத்தில் ஒன்றுக்கொன்று துணையாய் நின்றதனை இச்சரித்திரம் காட்டுகின்றது. புதுவைக்குச் செல்லும் அன்பர்கள் கடற்கரையைக் கண்டு திரும்புவதோடு நில்லாமல், கடலூர்ச் சாலையிலுள்ள ஆலைத் தியாகிகளின் நினைவிடத்தையும் கண்டு, தம் குழந்தைகளுக்கு அதன் கதையை எடுத்துரைப்பார்களென்று நம்புகின்றோம்.