இராமானுஜன்: கடல் கடந்து கற்கச் சென்ற மாணவர்

(வாழ்க்கை வரலாறு – வாசிப்பும் கிரகித்தலும்)

மாணவர்களே,

கணித மேதை சீனிவாச இராமானுஜனின் பெயரை நீங்கள் அறிவீர்கள். அவர் கண்டறிந்த கணித உண்மைகளைப் பற்றிப் பல நூல்கள் உள்ளன. இப்பாடத்தில் நாம் முதன்மையாக நோக்கப்போவது வேறொன்று. பிறந்த ஊரை விட்டு, கடல் கடந்து கற்கச் சென்ற அவர் அங்கு முதல் வாரங்களை எவ்வாறு கழித்தார் என்பதே அது.

குச்சவெளி, இறக்கக்கண்டி, திரியாய், புல்மோட்டை போன்ற கிராமங்களிலிருந்து நாளை நீங்களும் உயர்கல்விக்காகப் புறப்படுவீர்கள். யாழ்ப்பாணமோ, வந்தாறுமூலையோ, பேராதனையோ, எங்கு சென்றாலும் புதிய இடமும் விடுதி வாழ்வும் உங்களுக்குக் காத்திருக்கும். சிலர் வெளிநாட்டுக்கும் செல்வீர்கள். எனவே இவ்வரலாற்றைப் பரீட்சைக்காக மட்டுமன்றி, உங்களுக்காகவும் வாசியுங்கள்.

1. இளமைக் காலம்

இராமானுஜன் 1887 டிசெம்பர் 22 ஆம் திகதி ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தையார் சீனிவாச ஐயங்கார் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதி வந்தார். தாயார் கோமளத்தம்மாள். வருமானம் குறைந்த, ஆசாரம் மிகுந்த வைணவக் குடும்பம் அது.

பாடசாலையில் கணிதத்தில் அவருக்கு நிகர் எவரும் இருக்கவில்லை. பதினைந்து, பதினாறு வயதளவில், கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூலொன்று அவர் கைக்குக் கிட்டியது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள் அதில் இருந்தன. பெரும்பாலானவற்றுக்கு முழு நிறுவல் இல்லை. இராமானுஜன் அவற்றைத் தாமே நிறுவிப் பார்த்தார். பின்னர் புதிய தேற்றங்களைத் தாமே கண்டறிந்து குறிப்பேடுகளில் எழுதத் தொடங்கினார்.

ஆனால் கணிதத்தில் மூழ்கியதால் ஏனைய பாடங்கள் கைவிடப்பட்டன. 1904 இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் புலமைப்பரிசிலுடன் சேர்ந்தவர், ஆங்கிலத்தில் சித்தியடையாமல் அதனை இழந்தார். 1906 இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் பரீட்சையில் தோல்வியே கிட்டியது. பட்டமும் இல்லை, தொழிலும் இல்லை என்ற நிலையில், 1909 இல் ஜானகி அம்மாளுடன் அவருக்குத் திருமணம் நடந்தது.

2. துறைமுக இலிகிதர்

1912 இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தின் கணக்குப் பகுதியில் மாதம் 30 ரூபா சம்பளத்தில் இலிகிதர் வேலை கிடைத்தது. துறைமுகத்துக்கு வந்து போகும் கப்பல்களையும் சரக்குகளையும் திருகோணமலை மாவட்டத்தில் வாழும் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. பகலில் அலுவலகக் கணக்கு, ஓய்வு வேளையில் தம் சொந்தக் கணிதம் என அவர் நாள்கள் கழிந்தன. அலுவலக மேலாளர் நாராயண ஐயரும் தலைவர் சேர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவரது திறமையை உணர்ந்து ஊக்கமளித்தனர்.

1913 ஜனவரி 16 அன்று, இங்கிலாந்தின் கேம்பிரிஜ் பல்கலைக்கழகத்துக் கணித அறிஞர் ஹார்டிக்கு இராமானுஜன் ஒரு கடிதம் எழுதினார். நூற்றுக்கு மேற்பட்ட தேற்றங்களையும் அதனுடன் அனுப்பினார். ஹார்டி முதலில் ஐயுற்றார். பின்னர் தம் நண்பர் லிற்றில்வூட்டுடன் இருந்து ஆராய்ந்தபோது, எழுதியவர் ஒரு மேதை என்பது இருவருக்கும் புலனாயிற்று. அவரைக் கேம்பிரிஜுக்கு வரவழைக்க ஹார்டி விரும்பினார்.

3. புறப்பட எடுத்த முடிவு

அக்காலத்தில் ஆசாரமான அந்தணர்கள் கடல் கடப்பதைப் பெரும் குற்றமாகக் கருதினர். கடந்து சென்றவரைச் சுற்றத்தார் விலக்கி வைப்பதும் உண்டு. எனவே முதலில் இராமானுஜன் இணங்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபா உதவிப்பணம் வழங்கியது. அதைக் கொண்டு அவர் சென்னையிலேயே ஆய்வைத் தொடர்ந்தார்.

1914 இன் தொடக்கத்தில் ஹார்டியின் சக அறிஞர் நெவில் விரிவுரையாற்றச் சென்னை வந்தார். இம்முறை இராமானுஜன் செல்ல இணங்கினார். தாயாரின் கனவில் குலதெய்வமான நாமகிரித் தாயார் தோன்றி அனுமதி அளித்ததாக ஒரு செய்தி வழங்கி வருகிறது. பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண் புலமைப்பரிசில் வழங்கியது. அதில் ஒரு பகுதி தாயாரின் குடும்பச் செலவுக்குச் செல்ல ஏற்பாடாயிற்று.

பயண ஆயத்தங்கள் அவரை வருத்தின. வேட்டியை விட்டு நீள்காற்சட்டையும் கழுத்துப்பட்டியும் சப்பாத்தும் அணிய வேண்டியிருந்தது. கையால் உண்டு பழகியவர் முள்ளுக்கரண்டி பிடிக்கப் பழகினார். எல்லாவற்றிலும் கடினமானது குடுமியை வெட்டியதே. அந்தக் கோலத்தில் தாயாரும் மனைவியும் தம்மைக் காணக்கூடாது என்பதற்காக, அவர்களை முன்னதாகவே கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார்.

4. பயணமும் வரவேற்பும்

1914 மார்ச் 17 அன்று 'நெவாசா' என்ற கப்பல் அவரை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து புறப்பட்டது. முதற் சில நாள்கள் கடல் நோயால் அவதியுற்றார். பின்னர் தேறினார். ஏறத்தாழ நான்கு வாரங்களின் பின், ஏப்பிரல் 14 அன்று இலண்டனை அடைந்தார்.

இங்கு ஒன்றைக் கவனியுங்கள். அவரை யாரும் தனியே தவிக்க விடவில்லை. முன்னரே நாடு திரும்பியிருந்த நெவில், தம் சகோதரருடன் மோட்டார் வண்டியில் வந்து காத்திருந்தார். இந்திய மாணவர்களுக்கென இலண்டன் குரோம்வெல் வீதியில் இருந்த வரவேற்பு நிலையத்தில் சில நாள்கள் தங்கிய பின், ஏப்பிரல் 18 அன்று இருவரும் கேம்பிரிஜ் சென்றனர். நெவில் தம் வீட்டிலேயே இராமானுஜனுக்கு இடமளித்தார்.

5. முதல் வாரங்கள்

அங்கு அது வசந்த காலம். ஆயினும் நமது மார்கழி இரவை விட அந்த வசந்தப் பகல் குளிரானது. பழக்கமில்லாத மரக்கறிகள் அவருக்குச் சுவைக்கவில்லை. இருபத்தாறு ஆண்டுகள் தடையின்றி நடந்த கால்களைச் சப்பாத்து வருத்தியது. இச்சிறு துன்பங்களை நெவில் பிற்காலத்தில் பதிவு செய்துள்ளார். அதே வேளை, இராமானுஜன் அந்நாள்களில் மகிழ்ச்சியாகவே இருந்தார் என்றும் குறிப்பிட்டுள்ளார்.

அந்த மகிழ்ச்சிக்குக் காரணம் என்ன? தம் கணிதத்தை விளங்கிக்கொள்ளும் மனிதர்கள் அவருக்கு அங்கேதான் கிடைத்தனர். ஹார்டியை அடிக்கடி சந்தித்தார். விரிவுரைகளுக்கும் சென்றார். பெரி என்ற விரிவுரையாளர் கரும்பலகையில் சூத்திரங்களை எழுதிக்கொண்டிருந்தபோது, இராமானுஜனின் முகமலர்ச்சியைக் கண்டு, அவருக்கு ஏதேனும் கூற உண்டா என வினவினாராம். இராமானுஜன் எழுந்து சென்று, விரிவுரையாளர் இன்னும் நிறுவாத முடிவுகளையே பலகையில் எழுதினார் என்பர். நவீன கணித முறைகளை அவருக்குக் கற்பிக்க லிற்றில்வூட் முயன்றார். ஒன்றைச் சொன்னால் இராமானுஜனிடமிருந்து பத்துப் புதிய எண்ணங்கள் எழுந்தன. அதனால் பாடம் நகரவே இல்லை.

6. கல்லூரி அறை

சில வாரங்கள் நெவில் வீட்டில் இருந்த பின் திரினிற்றிக் கல்லூரி அறையில் குடியேறினார். நூலகமும் ஹார்டியின் அறையும் அருகில் இருந்தன. ஆனால் வீடு என்ற சூழல் இல்லாமற் போயிற்று.

முதற் பிரச்சினை உணவு. மரக்கறி உணவில் உறுதியாக இருந்த அவர், கல்லூரிச் சமையலறையில் பன்றிக் கொழுப்புக் கலந்துவிடும் என அஞ்சினார். உணவு விதிகளைக் கடைப்பிடிக்கும் மாணவர் எச்சமயத்தவராயினும் இவ்வச்சத்தை விளங்கிக்கொள்வர். எனவே தம் அறையில் தாமே சமைத்தார். ஊரிலிருந்து தபாற் பொதிகளில் வந்த புளி முதலியன அவருக்கு உதவின. ஆனால் கணிதத்தில் ஆழ்ந்துவிட்டால் சமையல் மறந்து போகும். உணவும் உறக்கமும் நேரம் தவறின. ஏனையோர் கூடி உண்ணும் மண்டபத்துக்கு அவர் செல்லாததால், உணவு வேளையில் தோன்றும் நட்பும் அவருக்குக் குறைந்தது.

இரண்டாவது குளிர். வங்காளத்திலிருந்து வந்து அங்கே கற்றுக்கொண்டிருந்த மகலனோபிஸ் என்ற மாணவர் ஒரு நாள் அவரைக் காணச் சென்றார். பிற்காலத்தில் இந்தியப் புள்ளிவிபரவியல் நிறுவனத்தை நிறுவியவர் இவரே. இராமானுஜன் கணப்பருகே அமர்ந்திருந்தார். இரவில் குளிர்கிறதா என மகலனோபிஸ் விசாரித்தார். மேலங்கியை அணிந்து, சால்வையும் போர்த்திக்கொண்டு உறங்கியும் குளிர் தாங்கவில்லை என அறிந்தார். உடனே படுக்கையறைக்குச் சென்று பார்த்தார். கட்டிலில் கம்பளிப் போர்வைகள் பல இருந்தன! அவை மெத்தையின் கீழே இறுகச் செருகப்பட்டு, மேலே ஒரு விரிப்பு இடப்பட்டிருந்தது. போர்வைகளை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரியாது. மேல்விரிப்பின் கீழ் மட்டுமே அவர் உறங்கி வந்தார். மகலனோபிஸ் செய்து காட்டினார். இராமானுஜன் மனம் நெகிழ்ந்தார்.

7. போர், புகழ், மறைவு

1914 ஆகஸ்ட் 4 அன்று பிரித்தானியா முதலாம் உலகப் போரில் இறங்கியது. லிற்றில்வூட் உட்படப் பலர் போர்ப் பணிகளுக்குச் சென்றனர். மரக்கறிகளும் பாலும் அரிதாயின. இவற்றுக்கிடையிலும் இராமானுஜனின் ஆய்வுகள் தொடர்ந்தன. 1916 இல் ஆய்வுக்கான பட்டம் பெற்றார். இரு முறை பரீட்சையில் தோற்றவருக்குக் கிடைத்த முதற் பட்டம் அதுவே.

1917 இல் கடும் நோய்வாய்ப்பட்டார். காசநோய் எனக் கருதி மருத்துவம் செய்தனர். ஈரலைத் தாக்கும் அமீபா நோயாக இருக்கலாம் எனப் பிற்கால ஆய்வாளர் கருதுகின்றனர். நோய்ப்படுக்கையிலும் எண்களே அவருக்குத் துணை. அவரைப் பார்க்க வந்த ஹார்டி, தாம் வந்த வாடகை வண்டியின் இலக்கம் 1729, அது சிறப்பற்ற எண் என்றார். இராமானுஜன் உடனே மறுத்தார். இரு நேர் முழுவெண்களின் கனங்களின் கூட்டுத்தொகையாக இரு வழிகளில் எழுதக்கூடிய மிகச்சிறிய எண் அது என விளக்கினார். நீங்களே சரிபாருங்கள்:

1729 = 1 + 1728 (1 இன் கனம் + 12 இன் கனம்)
1729 = 729 + 1000 (9 இன் கனம் + 10 இன் கனம்)

1918 இல் இலண்டன் றோயல் கழக உறுப்பினராகத் தெரிவானார். அதே ஆண்டில் திரினிற்றிக் கல்லூரியின் உறுப்பினராகிய முதல் இந்தியரும் ஆனார். 1919 இல் தாயகம் திரும்பினார். 1920 ஏப்பிரல் 26 அன்று சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 32 மட்டுமே. அவரது பிறந்த நாள் 2012 முதல் இந்தியாவில் தேசிய கணித தினமாகக் கொண்டாடப்படுகிறது.

8. நாம் அறிய வேண்டியது

உலகின் சிறந்த கணித அறிஞர்களை வியக்க வைத்தவருக்கு ஒரு கட்டிலில் எப்படிப் படுப்பது என்று தெரியவில்லை. இது நகைப்புக்குரியதன்று. புதிய இடத்தில் நம்மை வருத்துவது பெரும்பாலும் பாடம் அன்று. படுக்கை, உணவு, உடை, பேச்சு போன்ற சிறியவையே வருத்தும். அவை சிறியவை என்பதாலேயே கேட்க வெட்கப்படுகிறோம்.

போர்வைத் துன்பம் ஒரு கேள்வியால் ஒரு நிமிடத்தில் தீர்ந்தது. உணவும் தனிமையும் அவர் தனியே சுமந்தவை. அவை தீரவே இல்லை. ஆகவே புதிய இடத்துக்குச் சென்றால் தெரியாததைக் கேளுங்கள். நேரத்துக்கு உண்ணுங்கள். நோயென்றால் மறைக்காதீர்கள்.

மற்றொரு பாடமும் உண்டு. மகலனோபிஸ் நலம் விசாரித்ததோடு நின்றுவிடவில்லை. அறைக்குள் சென்று பார்த்தார். நாளை உங்கள் விடுதிக்கு உங்களுக்குப் பின் ஒரு மாணவர் பையுடன் வந்து நிற்பார். அவர் எதையும் கேட்கமாட்டார். நீங்கள்தான் சென்று பார்க்க வேண்டும்.

நினைவிற் கொள்க

1887 – பிறப்பு, ஈரோடு
1912 – சென்னைத் துறைமுக அலுவலகத்தில் இலிகிதர்
1913 – ஹார்டிக்குக் கடிதம்
1914 – கேம்பிரிஜ் சென்றடைதல்
1916 – ஆய்வுக்கான பட்டம்
1918 – றோயல் கழக உறுப்பினர்; திரினிற்றிக் கல்லூரி உறுப்பினர்
1920 – மறைவு, சென்னை

அருஞ்சொற்கள்

இலிகிதர் – எழுதுவினைஞர்
கணப்பு – குளிர்காயும் அடுப்பு
நிறுவல் – தேற்றம் உண்மையென ஏரணப்படி காட்டல்

பயிற்சி வினாக்கள்

1. இராமானுஜன் இங்கிலாந்து சென்ற கப்பலின் பெயர் யாது?
2. முதலில் அவர் செல்ல இணங்காமைக்குக் காரணம் என்ன?
3. முதல் வாரங்களில் அவர் எதிர்கொண்ட இடர்கள் மூன்று தருக.
4. இடர்கள் இருந்தும் அவர் மகிழ்ச்சியாக இருந்தது ஏன்?
5. நெவில், மகலனோபிஸ் ஆகிய இருவரும் செய்த உதவிகளை ஒப்பிடுக.
6. பல்கலைக்கழக விடுதிக்கு முதன்முறையாகச் செல்லும் உங்கள் ஊர் நண்பருக்கு அறிவுரை கூறி ஒரு கடிதம் எழுதுக.

வினா 4 இற்கு மாதிரி விடை: சென்னையில் இராமானுஜனின் கணிதத்தை முழுமையாக விளங்கிக்கொள்வோர் இருக்கவில்லை. கேம்பிரிஜில் ஹார்டி, லிற்றில்வூட் போன்றோருடன் அவர் அதனைப் பகிர முடிந்தது. நெவிலின் வீட்டிலும் அவருக்கு அன்பான இடம் கிடைத்தது. ஆகவே உணவும் குளிரும் சப்பாத்தும் வருத்தியபோதிலும் அவர் மகிழ்ச்சியாக இருந்தார்.