எழுத்துக்கூட்டிப் படிப்போரின் இதழாசிரியர்

தூத்துக்குடி மாவட்டத்துக் காயாமொழியில் 1905 செப்டம்பர் 27ஆம் நாள் பிறந்தவர் சி. பா. ஆதித்தனார். இலண்டனில் சட்டம் பயின்று பாரிஸ்டர் பட்டம் பெற்றார்; சிங்கப்பூரில் வழக்கறிஞராக விளங்கினார். அத்தொழிலோடு அவர் அமைந்துவிடவில்லை. உலகப்போர் மூண்டிருந்த 1942இல் மதுரையில் 'தந்தி' நாளிதழைத் தொடங்கினார். அதுவே பின்னர் 'தினத்தந்தி' ஆயிற்று.

அந்நாளில் செய்தித்தாள் கற்றோர் கைப்பொருளாக இருந்தது. ஆதித்தனாரோ எழுத்துக்கூட்டிப் படிப்போரைத் தம் வாசகராகக் கொண்டார். சிறு வாக்கியம், வழக்கில் உள்ள சொல், பெரிய தலைப்பு, படம் ஆகியவற்றை இதழின் நெறிகளாக்கினார். இதழாளர்க்கென அவர் இயற்றிய கையேடும் எளிய தமிழையே வற்புறுத்தியது. மொழியின் தரம் தாழ்கிறது என்று வருந்தியோரும் உண்டு. படிக்க இயலாத தமிழால் பாமரர்க்குப் பயன் என்ன என்பதே அவருடைய பணி எழுப்பிய வினா.

அந்த வினாவுக்கு விடையாக 1960இல் வந்தது 'கன்னித்தீவு' படக்கதை. அமெரிக்காவில் 1915இல் தோன்றிய கிங் ஃபீச்சர்ஸ் போன்ற நிறுவனங்கள் ஒரே படக்கதையைப் பல நாளிதழ்களுக்கு விற்றுவந்தன. அத்தகைய சரக்கை நாடாமல், தினத்தந்தி தனக்கென்றே ஒரு தொடரை வரைவித்தது. ஓவியர் கணு தூரிகை பிடித்தார். பல நகரங்களில் அச்சான பதிப்புகளின் வழியே ஒரே கதை தமிழகமெங்கும் பரவியது.

மந்திரவாதி மூசாவால் சிற்றுருவாக்கப்பட்ட லைலாவை மீட்க அலைகிறான் சிந்துபாத். நாள்தோறும் சில கட்டங்கள். அவற்றின் கீழ்ச் சில வரிகள். கதை அறியும் ஆவல் படத்திலிருந்து கண்ணை எழுத்துக்கு நகர்த்தியது. ஒலக்கூர் போன்ற சிற்றூர்களிலும் தேநீர்க் கடைப் பலகையே பலருக்குப் படிப்பகமாயிற்று.

ஆதித்தனார் 1967இல் சட்டப்பேரவைத் தலைவரானார். அவை நடவடிக்கைகளைத் திருக்குறளுடன் தொடங்கும் மரபு அவர் காலத்தது. எளிமையை வேண்டியவர் இலக்கியத்தைப் புறக்கணித்தவர் அல்லர் என்பதற்கு அதுவே சான்று.

1981 மே 24ஆம் நாள் அவர் மறைந்தார். கணுவுக்குப் பின்னும் வேறு ஓவியர் கைகளில் படக்கதை தொடர்ந்தது. முடிவுறாத வழக்கையும் முடிவுறாத பேச்சையும் 'கன்னித்தீவு' என்றே மக்கள் சொல்லலாயினர். வரைந்தவர் பெயரையும் வெளியிட்டவர் பெயரையும் அறியாதவர் நாவிலும் அச்சொல் வழங்குகிறது. கவிஞர் எவரும் தம் சொல்லுக்கு விரும்பும் வாழ்வு அது.