துய்ப்ளேயின் எழுச்சியும் வீழ்ச்சியும்

முன்னுரை

புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநராக 1742 முதல் 1754 வரை விளங்கிய ஜோசப் பிரான்சுவா துய்ப்ளே, ஐரோப்பிய வணிக நிறுவனம் இந்திய அரசுரிமைப் போட்டிகளுள் புகுந்து நிலவருவாய் பெறும் வழியை வகுத்தவர். அவரது வீழ்ச்சிக்கு ஆங்கிலேயரின் வலிமையையோ பிரெஞ்சு அரசின் நன்றியின்மையையோ காரணமாகக் கூறுவது பெருவழக்கு. அவர் வகுத்த வழிமுறையே அவ்வீழ்ச்சிக்கு வித்தாயிற்று என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வணிகத்தில் வளர்ச்சி

துய்ப்ளே 1697-இல் வட பிரான்சில் பிறந்தார். 1722-இல் புதுச்சேரி ஆலோசனைச் சபை உறுப்பினராக வந்தார். 1731-இல் வங்காளத்துச் சந்திரநாகூரின் நிர்வாகத்தை ஏற்று, சொந்த முதலீட்டில் கடல் வணிகம் நடத்திச் செல்வரானார். புதுச்சேரியில் பிறந்து தமிழறிந்த ழான் அல்பேரை 1741-இல் மணந்தார். ஆளுநரான பின் அவருக்கு உற்ற துணையானவர் ஆனந்தரங்கப்பிள்ளை. கனகராய முதலியார் 1746-இல் மறைந்த பின், பிள்ளையே தலைமைத் துபாஷியாக உயர்ந்தார்.

அதிகார விரிவு

1746-இல் பிரெஞ்சுப் படை சென்னையைக் கைப்பற்றியது. அவ்வாண்டே அடையாற்றங்கரையில் ஆற்காட்டு நவாப் அன்வருதீனின் பெரும்படை சிறு பிரெஞ்சுப் படையிடம் தோற்றது. பயிற்சி பெற்ற சிறுபடையின் வலிமையைத் துய்ப்ளேக்கு உணர்த்திய நிகழ்வு இது. 1748-இல் ஆங்கிலேயர் இட்ட முற்றுகையைப் புதுச்சேரி தாங்கி நின்றது. அம்முற்றுகைக் காலத்தில்தான் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. நகர மக்களுற்ற துயரைப் பிள்ளையின் நாட்குறிப்பு பதிவு செய்துள்ளது.

ஆற்காட்டிலும் ஐதராபாத்திலும் எழுந்த வாரிசுரிமைப் பூசல்களில் துய்ப்ளே சந்தா சாகிபையும் முசாபர் ஜங்கையும் ஆதரித்தார். 1749-இல் ஆம்பூர்ப் போரில் அன்வருதீன் மாண்டார். வில்லியனூர், பாகூர்ப் பகுதிகள் பிரெஞ்சியருக்குக் கிடைத்தன. 1750 இறுதியில் நாசிர் ஜங் கொலையுண்டதும் முசாபர் ஜங் நிஜாமானார். கிருஷ்ணை ஆற்றுக்குத் தெற்கிலுள்ள நாட்டின் அதிகாரமும் வழுதாவூர் ஜாகீரும் துய்ப்ளேக்கு வழங்கப்பெற்றன.

வீழ்ச்சி

இவ்வதிகாரம் பிறர் அரசுரிமையைச் சார்ந்து நின்றது. படைச்செலவை நிலவருவாய் ஈடுசெய்யும் என்பது துய்ப்ளேயின் கணக்கு. போரால் பாழ்பட்ட நாட்டில் வரி தண்டுவது அரிதாயிற்று. குறையைத் தம் பொருளாலும் கடனாலும் நிரப்பினார். நிறுவன இயக்குநர்களோ துணிப்பொதிகளையும் ஆதாயப் பங்கையும் எதிர்நோக்கினர்.

1751-இல் கிளைவ் ஆற்காட்டைக் கைப்பற்றி முற்றுகையையும் வென்றார். 1752-இல் திருவரங்கத்தில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. சந்தா சாகிபு கொல்லப்பட்டார். கருநாடக ஆட்சியுரிமைக்கு இருந்த முதன்மைப் பற்றுக்கோடு இதனால் அற்றது. தக்காணத்தில் புசி நிலைநிறுத்திய செல்வாக்கு தெற்கின் இழப்பை ஈடுசெய்யவில்லை. 1754 தொடக்கத்தில் சதுரங்கப்பட்டினத்தில் நடந்த அமைதிப் பேச்சு முறிந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் வந்த கொதேயூ பொறுப்பேற்க, அக்டோபரில் துய்ப்ளே தாயகம் திரும்பினார். தாம் செலவிட்ட பொருளைக் கேட்டு நிறுவனத்துடன் வழக்காடிய நிலையில், 1763-இல் பாரிசில் வறுமையுற்று இறந்தார்.

முடிவுரை

துய்ப்ளேயின் வழிமுறையை ஆங்கிலேயர் வங்காளத்தில் வெற்றியுடன் கையாண்டனர். 1765-இல் அம்மாநிலத்தின் வரி தண்டும் உரிமையே அவர்களுக்குக் கிட்டியது. வழிமுறை ஒன்றாயினும் வங்காளத்தின் வளம் கருநாடகப் போர்க்களத்தில் இல்லை. துய்ப்ளேயை வஞ்சிக்கப்பட்ட வீரராக மட்டும் காணும் பார்வை, அவர் போர்களின் சுமையைத் தாங்கிய உழவரையும் நகர மக்களையும் மறைத்துவிடுகிறது. அம்மக்களின் பக்கத்தை அறிய ஆனந்தரங்கப்பிள்ளையின் தமிழ் நாட்குறிப்பு இன்றியமையாத சான்றாகும்.