வாடியாவும் பெரம்பூர்த் தொழிலாளரும்

மறைமலை நகரிலிருந்து ஒரகடம் மார்க்கமாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் பிரதேசத்தில் இன்று ஆலைகள் மலிந்து கிடக்கின்றன. மோட்டார் வண்டியும், டயரும், கண்ணாடியும், டெலிவிஷன் பெட்டியும் அங்கே உற்பத்தியாகின்றன. ஊதிய ஒப்பந்தம் காலாவதியாகிப் புதிய பேச்சு துவங்கும் தருணத்தில், தொழிலாளரிடையே ஒரு முணுமுணுப்பு எழுவது சகஜம். முதலாளிமார்மீதுள்ள குறை ஒருபுறமிருக்க, தங்கள் பெயரால் பேசப் போகும் தலைவர்கள் தங்களைக் கேட்டுத்தான் பேசப் போகிறார்களா என்ற சந்தேகமே அந்த முணுமுணுப்பின் காரணம். 2024ம் வருஷம் செப்டம்பர் 9ந் தேதி முதல் 37 நாள் நடந்த சாம்ஸங் ஆலை வேலைநிறுத்தத்தின்போது இவ்விஷயம் வெட்டவெளிச்சமாயிற்று. தொழிலாளரில் ஒரு பகுதியாருடன் உடன்பாடு ஏற்பட்டுவிட்டதென அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. வேலைநிறுத்தம் செய்தவர்களோ அது தங்களைக் கட்டுப்படுத்தாதென்று பந்தலிலேயே அமர்ந்திருந்தனர். வெளியார் ஒருவர் சங்கத்துக்குத் தலைமை வகிக்கலாமா என்ற பழைய வழக்கும் மீண்டும் எழுந்தது.

இவ்வழக்கு சென்னை மாகாணத்துக்குப் புதிதன்று. நூறு வருஷங்களுக்கு முன்பு பெரம்பூரில் இது முழு வேகத்துடன் நடந்தது. அதன் நடுவில் நின்றவர் பஹ்மன் பெஸ்டன்ஜி வாடியா. அவருடைய சரித்திரத்தைத் தேசபக்தர்கள் அறிந்திருத்தல் அவசியமென்று கருதுகிறோம்.

வாடியா 1881ம் வருஷம் அக்டோபர் 8ந் தேதி பம்பாயில் பார்ஸி குடும்பமொன்றில் பிறந்தார். இளமையிலேயே பிரம்மஞான சங்கத்தில் ஈடுபட்டு, 1908ல் அடையாறு வந்து சேர்ந்தார். அங்கே புத்தகப் பிரசுர நிர்வாகம் அவர் கைக்கு வந்தது. அன்னி பெஸன்ட் அம்மையார் சுயாட்சிக் கிளர்ச்சியைத் துவக்கியபோது, நியூ இந்தியா பத்திரிகையில் அவருக்கு வலக்கையாயிருந்தார். 1917 ஜூனில் கவர்னர் பெண்ட்லண்ட் பிரபுவின் சர்க்கார் பெஸன்ட் அம்மையாரையும், அருண்டேலையும், வாடியாவையும் காவலில் வைத்தது. தேசமெங்கும் எழுந்த கண்டனத்தின் பயனாய் அவர்கள் செப்டம்பரில் விடுதலையடைந்தனர். இதுவரை அவர் சரித்திரம் அக்காலத்து அரசியல்வாதிகள் பலருடைய சரித்திரத்தைப் போன்றதே.

அவரைத் தொழிலாளரிடம் கொண்டு சேர்த்தவர்கள் இரண்டு வியாபாரிகள். பெரம்பூரில் பின்னி கம்பெனியாரின் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்களுக்கு அருகே வியாபாரம் செய்து வந்த செல்வபதி செட்டியாரும் இராமாநுஜுலு நாயுடுவும் தெய்வ பக்தி மிக்கவர்கள். வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்றொரு பஜனைச் சபையை நடத்தியவர்கள். மில் தொழிலாளர் அனுபவித்த கஷ்டங்களை அன்றாடம் கண்ணால் கண்டவர்கள். நடுப்பகலில் உணவுக்குக் கிடைத்தது அரைமணி நேரம். அதற்குள் வெளியே வந்து, கை கழுவி, கொண்டுவந்த சோற்றை உண்டு திரும்ப வேண்டும். நேரம் தவறினால் கதவு அடைக்கப்படும், கூலி போகும். மேஸ்திரிகளின் அடி உதையும் வசவும் தனி. முதலில் பஜனையும் உபந்யாசமும் நடந்த சபையில் படிப்படியாகத் தொழிலாளர் குறைகள் பேசப்பட்டன. திரு. வி. கலியாணசுந்தர முதலியார் அங்கே பிரசங்கம் செய்தார். பிறகு அவ்விருவரும் வாடியாவைக் கண்டு தலைமை ஏற்க வேண்டினர்.

1918ம் வருஷம் ஏப்ரல் 27ந் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று இதைச் சொல்வது வழக்கம். வாடியா அதன் தலைவர். செட்டியாரும் நாயுடுவும் காரியதரிசிகள். வாடியாவுக்குத் தமிழ் வராது. அவர் ஆங்கிலத்தில் பேசுவார். பக்கத்தில் ஒருவர் நின்று தமிழில் சொல்லுவார். ஆயினும் சனிக்கிழமைக் கூட்டங்களுக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். உணவு நேரம் நாற்பது நிமிஷமாயிற்று. பத்து நிமிஷந்தானே என்று இன்று நகைப்போர் உண்டு. கூலிக்காரன் கேட்டு முதலாளி கொடுத்த முதல் பத்து நிமிஷம் அது.

வாடியாவின் தலைமையிலிருந்த ஒரு குணத்தை இங்கே கவனிக்க வேண்டும். அவர் வேலைநிறுத்தத்தை விரும்பியவரல்லர். ஐரோப்பிய யுத்தம் நடந்துகொண்டிருந்தது. மில்கள் ராணுவத்துக்குக் காக்கித் துணி நெய்தன. வேலை நின்றால் பட்டாளத்துக்குத் துணி தட்டுப்படும் என்று சொல்லித் தொழிலாளரைப் பலமுறை தடுத்தார். தொழிலாளருக்கோ வயிறு எரிந்தது. அரிசி விலை ஏறிக்கொண்டே போயிற்று. கம்பெனியாருக்கு யுத்தம் லாபகாலம். தொழிலாளரைப் பேரத்தில் வலுப்படுத்தியதும் அதே யுத்தந்தான். அந்த வலுவைத் தலைவர் தமது அரசியல் யோசனையை முன்னிட்டுக் கட்டிவைத்தார். அவர் கெட்ட எண்ணத்துடன் செய்தாரென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அது தொழிலாளரின் சரக்கு, அவருடையதன்று.

1919ல் அவர் சீமைக்குச் சென்று, இந்திய ஆட்சிச் சீர்திருத்த மசோதாவை விசாரித்த பார்லிமெண்டுக் கமிட்டியின் முன் தொழிலாளர் சார்பில் சாட்சியம் அளித்தார். அவ்வருஷமே வாஷிங்டனில் கூடிய முதல் சர்வதேசத் தொழிலாளர் மகாநாட்டுக்கும் போனார். பெரம்பூர் நெசவுக்காரனின் பெயர் முதன்முறையாக உலக சபையில் அடிபட்டது அவரால்தான். இக்கீர்த்தியை யாரும் மறுக்க இயலாது.

1920 அக்டோபரில் பக்கிங்ஹாம் மில்லில் தகராறு முற்றிக் கதவடைப்பு ஏற்பட்டது. டிசம்பரில் போலீஸார் சுட்டனர், உயிர்ச்சேதம் நேர்ந்தது. இதற்கிடையே பின்னி கம்பெனியார் புதியதோர் ஆயுதத்தை எடுத்தனர். வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளரைத் தூண்டினரென்று வாடியாமீதும் சங்க நிர்வாகிகள்மீதும் ஹைகோர்ட்டில் நஷ்டஈட்டு வியாஜ்யம் தொடுத்து, தடையுத்தரவும் பெற்றனர். இங்கிலாந்தில் 1906ம் வருஷச் சட்டம் இத்தகைய வழக்கிலிருந்து சங்கங்களைக் காத்தது. இந்தியாவில் அப்படியொரு பாதுகாப்பு அன்று கிடையாது. வெள்ளைக்காரன் தன் தேசத்தில் தன் தொழிலாளிக்குக் கொடுத்த உரிமையை நம் தேசத்தில் நமக்குக் கொடுக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் வேண்டுவதில்லை.

1921 ஜனவரியில் சமரசம் ஏற்பட்டது. கம்பெனியார் வழக்கை வாபஸ் வாங்குவது. வாடியா சங்கத்தின் தொடர்பை விட்டு விலகுவது. முன்னின்று நடத்தியவர்களாகக் கருதப்பட்ட சிலரை நீக்கி மற்றவர் வேலைக்குத் திரும்புவது. இதுவே அதன் சாரம்.

நியாயவாதத் தொழிலில் பழகியோர் இவ்வேற்பாட்டைப் படிக்கும்போது மனம் துணுக்குறாமலிராது. தாமே பிரதிவாதியாயிருக்கும் விவகாரத்தில் ஒரு வக்கீல் கட்சிக்காரனுக்காகச் சமரசம் பேச முற்படமாட்டார். முற்பட்டால் வக்காலத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி நாமே சொல்லுவோம். தலைக்குமேல் நஷ்டஈடு தொங்கும் மனிதர் எவ்வளவு உத்தமராயினும், அவர் பேசும் பேரம் சுதந்திரமான பேரம் அன்று. வாடியா பணத்துக்கு அஞ்சி விலகினாரென்று கூறுவது அபவாதம். தாம் விலகினால் தொழிலாளர் பட்டினி தீருமென்று நினைத்திருக்கலாம். ஆனால் அவர் விலகியதால் வழக்கு தீர்ந்தது; நீக்கப்பட்டவர்களுக்கு வேலை திரும்பவில்லை. கம்பெனியார் கேட்ட விலை, தொழிலாளர் தாமே தேர்ந்துகொண்ட தலைவர். அந்த விலை கொடுக்கப்பட்டது.

அதன் பலன் ஆறு மாதத்தில் தெரிந்தது. 1921 ஜூனில் மறுபடியும் வேலைநிறுத்தம் மூண்டு அக்டோபர் வரை நீடித்தது. இம்முறை சாதி வேற்றுமை உள்ளே புகுந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர் வேலைக்குத் திரும்ப, புளியந்தோப்பில் கலகமும் தீவைப்பும் துப்பாக்கிப் பிரயோகமும் நிகழ்ந்தன. அவர்களைத் துரோகிகளென்று ஏசியோர் பலர். அவர்களுடைய குறைகளைச் சங்கம் தன் குறைகளாக எண்ணியதுண்டா என்று கேட்டோர் சிலரே. வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. சங்கம் தலையெடுக்க வெகுகாலம் சென்றது.

வாடியா பட்ட வழக்கு வீண்போகவில்லை. 1921லேயே என். எம். ஜோஷி மத்திய சட்டசபையில் தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டுமென்று தீர்மானம் கொணர்ந்தார். 1926ல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. அதன் 18வது பிரிவு, பின்னி கம்பெனியார் தொடுத்தது போன்ற வியாஜ்யம் பதிவு பெற்ற சங்கத்தின்மீது செல்லாதென்று விதித்தது. 22வது பிரிவு, நிர்வாகிகளில் பாதிப்பேருக்குக் குறையாமல் அத்தொழிலில் உள்ளோராயிருக்க வேண்டுமென்றது. அதாவது மறுபாதி வெளியாராயிருக்கலாம். 2001ம் வருஷத் திருத்தம் வெளியாரின் பங்கை மூன்றிலொன்று அல்லது ஐவர், எது குறைவோ அதுவாகச் சுருக்கியது. வெளியாரே கூடாதென்போர், உள்ளே வேலை செய்யும் தலைவனை மறுநாளே வெளியேற்றும் வசதி முதலாளிக்கு உண்டென்பதை மறக்கின்றனர். வெளியாரை ஆதரிப்போர், பேச்சு மேஜையிலிருந்து எழுந்து ஆலை வாசலுக்கு வந்து ஷரத்துக்களைப் படித்துக் காட்டும் கடமையை அவர்மீது சுமத்த மறக்கின்றனர். எந்தத் தலைவருக்காயினும் கையெழுத்துக்கு முன் இக்கடமை உண்டென்று சங்க விதிகளிலேயே எழுதிவைக்க யாதொரு தடையும் இல்லை. ஒரகடத்துத் தோழர்கள் அடுத்த பொதுக்குழுவில் இதை எடுக்கலாம்.

வாடியா பிறகு தொழிலாளர் இயக்கத்துக்குத் திரும்பவில்லை. அவருடைய பிரசங்கங்கள் 1921ல் புத்தகமாக வந்தன. 1922ல் அடையாற்றையும் விட்டு விலகி, ஐக்கிய பிரம்மஞான சபையின் வேலையில் காலத்தைக் கழித்தார். 1945ல் பெங்களூர் பஸவனகுடியில் உலகப் பண்பாட்டு நிலையமொன்றை ஸ்தாபித்து, 1958ம் வருஷம் ஆகஸ்டு 20ந் தேதி அந்நகரிலேயே காலமானார். பெரம்பூர் மில்கள் 1996ல் மூடப்பட்டன.